பதவியும் பயனும்: மலைநாட்டுத் தோட்டப் பகுதியின் ஆட்சி வரலாற்றில் ஒரு நோக்கு

ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் தம் நலத்தைப் பொதுநலத்தோடு கலத்தல் ஆகாது என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கையாகும். திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரம் ஒன்று வகுத்தார். வடமொழியில் அருத்தசாத்திரம் இயற்றிய கௌடில்யர், அரசனது பொருளை உத்தியோகத்தர் கவரும் வழிகள் நாற்பது என எண்ணி உரைத்தார். ஆயினும், பதவியிலுள்ளோர் இழைக்கும் தவறுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஒருவன் கைக்கூலி பெற்றுக் கடமையிற் பிறழ்வது ஒருவகை. அதிற் கொடுப்போன் ஒருவன் உண்டு. வாங்குவோன் ஒருவன் உண்டு. இருவரும் தாம் செய்வது தவறென அறிந்து மறைவிற் செய்வர். எவரிடமும் எதுவும் வாங்காது, தான் தீர்ப்புக் கூறவேண்டிய பொருளிலே தனக்கும் பங்கு இருக்க, அவ்விருக்கையினின்றும் எழாது தீர்ப்புக் கூறுவது மற்றொரு வகை. இதற்குக் கொடுப்போன் வேண்டுவதில்லை, மறைவும் வேண்டுவதில்லை. செய்வோன் தன்னை நேர்மையாளன் என்றே நம்பியிருத்தலும் கூடும். இவ்விரண்டாவது தவறே நாட்டுக்குப் பெருங்கேடு விளைப்பது என்பதற்கு இலங்கை மலைநாட்டுத் தோட்டப் பகுதியின் வரலாறு தக்க சான்றாகும்.

உத்தரமேரூர் காட்டும் நெறி

மலைநாட்டு வரலாற்றை நோக்குமுன், உள்ளூராட்சியில் இத்தவறினைத் தடுக்க முயன்ற பழைய முயற்சி ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். தொண்டை நாட்டு உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழனின் ஆட்சிக் காலத்தில், கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தெரியும் விதிகளை விரித்துக் கூறுகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், சம்வற்சர வாரியம் என்பன அவ்வாரியங்களுட் சில.

அவ்விதிகளுள் இரண்டு ஈண்டு கருதத்தக்கன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் அதில் அமர்தல் ஆகாது என்பது ஒன்று. அவன் மட்டுமன்றி அவனுடைய நெருங்கிய உறவினரும் அமர்தல் ஆகாது என்பது மற்றொன்று. தந்தை, உடன்பிறந்தான், மாமன், மருமகன், மைத்துனன் எனத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் மனைவிவழியிலும் வரும் உறவுகளைக் கல்வெட்டு ஒவ்வொன்றாக எண்ணி விலக்குகின்றது. பொருள் கையாளும் இடத்தில் உறவு புகின் கணக்கு மறையும் என்பதை அச்சபையார் நன்கு உணர்ந்திருந்தனர் எனலாம். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவனையும் அவர்கள் விலக்கினர். ஒரே கையில் அதிகாரம் நிலைத்தல் தீது என்பது அதன் கருத்தாகும்.

எனினும், அந்நெறிக்கு ஓர் எல்லை இருந்தது. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையோரே குடவோலையிற் பெயர் எழுதப்பெறும் தகுதியுடையோர். ஏரியை வெட்டியவனும் வயலை உழுதவனும் அச்சபைக்குப் புறத்தே நின்றனர். உள்ளிருப்போர் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருக்கக் காவல் இருந்தது; வெளியிலிருப்போர் உள்ளிருப்போரைக் கணக்குக் கேட்க வழியில்லை. மலைநாட்டில் ஆயிரம் ஆண்டுகளின் பின் எழுந்த சிக்கலும் இவ்விரு பகுதிகளையும் உடையதாகவே இருந்தது.

கோப்பிக் காலத்து உத்தியோகத்தர்

1815இல் கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுகளில் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெரு அமைக்கப்பட்டது. அத்தெருவுக்கு உழைப்பை நல்கியது இராசகாரியம் என்னும் பழைய கட்டாய ஊழியமே. 1820களின் நடுவில் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கப்பிட்டியில் ஜோர்ஜ் பேட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். அக்காலத்துத் தேசாதிபதியாய் விளங்கிய சேர் எட்வேட் பான்ஸ், பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் தாமும் ஒரு தோட்டம் அமைத்தார். கோப்பிச் செய்கையை வளர்க்கவென வரிச் சலுகைகள் வழங்கியவரும் அவரே. சலுகை வழங்கிய கையும் அதனைப் பெற்ற கையும் ஒன்றாயிருந்தமையை அக்காலத்தில் எவரும் குற்றமெனக் கொள்ளவில்லை. தேசாதிபதியின் செயல் ஏனையோர்க்கு ஊக்கமளிக்கும் முன்மாதிரி எனவே கருதப்பட்டது.

கோல்புறூக், கமறன் என்போரின் விசாரணையை அடுத்து ஆட்சித்துறையில் பெருஞ் சீர்திருத்தங்கள் நிகழ்ந்தன. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. 1833இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. இவை போற்றத்தக்கன. ஆயின், அச்சீர்திருத்தங்களுள் சிக்கன நோக்குடைய ஒன்று எதிர்பாராத தீங்கை விளைத்தது. சிவில் சேவை உத்தியோகத்தரின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன. ஓய்வூதிய உரிமை நீக்கப்பட்டது. முதுமைக்குப் பொருள் தேடவேண்டிய நிலையில் நின்ற உத்தியோகத்தருக்குப் பயிர்ச்செய்கையில் ஈடுபடும் வாய்ப்பும் திறந்துவிடப்பட்டது. அரசாங்கம் தன் செலவைக் குறைத்துக்கொண்டது. அக்குறையை மலைச்சாரலிலிருந்து நிரப்பிக்கொள்ள உத்தியோகத்தர் விரைந்தனர்.

அவ்வேளையில் உலகச் சந்தையும் அவர்களுக்குத் துணை நின்றது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தபின் அங்கு விளைச்சல் குன்றிற்று. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் விதிக்கப்பட்ட தீர்வை சமமாக்கப்பட்டது. மலைநாட்டுக் காணிகளுக்கு வேட்கை பெருகிற்று. அக்காணிகளை விற்றவர் யார்? முடிக்குரிய நிலத்தின் பொறுப்பாளராகிய அரசாங்கத்தார். ஏக்கர் ஒன்றுக்கு 5 சிலிங் என்பது தொடக்க விலை. வாங்கியவர் யார்? பெரும்பாலும் அவ்வரசாங்கத்தின் உத்தியோகத்தரே. பின்னாளிற் குடியேற்ற நாட்டுக் காரியதரிசியாய் இலங்கைக்கு வந்த சேர் ஜேம்ஸ் எமேசன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய தம் நூலில், தேசாதிபதி முதலாகச் சபையார், படைத் தலைவர், நீதிபதிகள், பாதிரிமார் ஆகியோரும், சிவில் சேவையினரிற் பாதிப்பேரும் முடிக்குரிய காணிகளை வாங்கினர் என்று பதிவுசெய்துள்ளார்.

வாங்கியோர் பட்டியலிற் காணப்படும் பெயர்கள் சிறியனவல்ல. 1837 முதல் 1841 வரை தேசாதிபதியாயிருந்த ஸ்ருவேட் மக்கென்சி, குடியேற்ற நாட்டுக் காரியதரிசி பிலிப் அன்ஸ்ரதர், நில அளவைத் திணைக்களத்தின் தலைவராயிருந்த நொறிஸ், பெருந்தெருக்களை அமைத்துப் புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னர், கண்டியில் அரசாங்க ஏசண்டராய் விளங்கிய ஜோர்ஜ் டேர்னர் ஆகியோர் அவருட் சிலர். இவருள் டேர்னர், மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1837இல் வெளியிட்ட பேரறிஞர். ஸ்கின்னர் காடுகளினூடே கடும் உழைப்பால் வழிகண்ட வீரர். இவர்களைக் கயவர் எனல் வரலாற்றுக்கு ஒவ்வாது. கற்றோரும் உழைப்போரும் நிறைந்த ஒரு சேவையே இந்நிலையை அடைந்தது என்பதே சிந்தித்தற்குரியது.

இனி, 1840இல் நிறைவேறிய 12ஆம் இலக்கக் காணிக் கட்டளைச் சட்டத்தை நோக்குதல் வேண்டும். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியன முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என்று அச்சட்டம் விதித்தது. கண்டி நாட்டில் இடைவிட்டுப் பயிரிடப்படும் சேனை நிலங்களுக்கும் அவ்விதியே. தன் நிலம் எனக் கூறும் குடியானவன் சன்னசு முதலிய சான்று காட்டவேண்டும். மலைக் கிராமத்துக் குடியானவனிடம் எழுத்துச் சான்று அரிதாகவே இருந்தது. அவனுடைய உரிமைக்கோரிக்கையைக் கேட்பவர் அரசாங்க ஏசண்டர். எல்லையை அளப்பது நில அளவைத் திணைக்களம். வழக்காயின் தீர்ப்பது மாவட்ட நீதிபதி. சட்டத்தை ஆக்கியது உத்தியோகத்தர் பெரும்பான்மையாய் அமர்ந்த சட்டநிரூபண சபை. இவ்வொவ்வொரு படியிலும் கோப்பிக் காணி வாங்கியவரோ வாங்க விழைபவரோ இருந்தனர். இவ்வமைப்பில் கைக்கூலிக்கு வேலையே இல்லை. எவரும் கொடுக்கவில்லை, எவரும் வாங்கவில்லை, யாவும் சட்டப்படியே நடைபெற்றன. எனினும், குடியானவன் எப்பக்கம் திரும்பினும் அவன் முன் அமர்ந்திருந்தவர் அவனது நிலத்தின்மேற் கண்ணுடையவராகவே இருந்தார்.

தொழிலாளர் நிலையும் இத்தகையதே. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் பலர் நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டனர். அவர்களைக் காத்தற்குரிய கடமை அரசாங்கத்தாருக்கே உரியது. அதே காலத்தில், 1841ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிட இடங்கொடுத்தது. தோட்டம் உடைய நீதவான் ஒருவர் முன், தோட்டத்தை விட்டோடிய கூலியாள் நிறுத்தப்படும்போது, அங்கு நடுவுநிலைமை எவ்வாறு நிலைபெறும் என்பதை எடுத்துரைத்தல் வேண்டா.

1845ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

உத்தியோகத்தர் கந்தோரிலும் பார்க்கத் தோட்டத்தையே பெரிதும் நாடினர்; ஆட்சி வேலை பின்தங்கிற்று. சேர் கொலின் கம்பல் தேசாதிபதியாயிருந்த காலத்தில் இந்நிலை குடியேற்ற நாட்டு மந்திரி ஸ்ரான்லிப் பிரபுவின் கவனத்துக்கு வந்தது. 1844இல் முடிக்குரிய காணியின் தொடக்க விலை ஏக்கருக்கு 20 சிலிங்காக உயர்த்தப்பட்டது. 1845இல் சிவில் சேவை திருத்தியமைக்கப்பட்டது. உத்தியோகத்தர் தோட்டச் செய்கையிலும் வாணிகத்திலும் ஈடுபடுதல் விலக்கப்பட்டது. அதனுடன் சம்பளங்கள் உயர்த்தப்பட்டன. ஓய்வூதிய உரிமையும் மீண்டும் வழங்கப்பட்டது. அச்சீர்திருத்த ஆலோசனையில் பங்குகொண்டோருள் கோப்பிக் காணி வாங்கிய அன்ஸ்ரதரும் ஒருவர் என்பது அறியத்தக்கது.

இந்தியாவில் கோண்வாலிஸ் பிரபு அரை நூற்றாண்டின் முன் கைக்கொண்ட வழியும் இதுவே. கிழக்கிந்தியக் கொம்பனியின் உத்தியோகத்தர் சொந்த வாணிகம் நடத்துவதைத் தடுத்த அவர், அவர்தம் சம்பளத்தையும் உயர்த்தினார். தடை மட்டும் விதித்து வயிற்றை மறந்துவிடின் அத்தடை நிலையாது. சம்பளம் மட்டும் உயர்த்தித் தடை விதியாதுவிடின் ஆசை அடங்காது. இரண்டும் ஒருங்கே வேண்டும் என்னும் பாடத்தை இலங்கை அரசாங்கத்தார் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தின் பின் கற்றனர்.

ஆயினும், அச்சீர்திருத்தம் கையைக் கட்டிற்றேயன்றி, கை மாறிய நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1847இல் கோப்பி விலை வீழ்ந்தபோது பல தோட்டங்கள் வேற்றார் வசமாயின. கிராமத்தார்க்கு அவை மீளவில்லை. மேலும், சீர்திருத்தம் உத்தியோகத்தரின் கடமை தவறுதலை நோக்கிற்றேயொழிய, அவரால் இழப்புற்ற மக்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை நல்கவில்லை. உத்தரமேரூரின் குறையே இங்கும் தொடர்ந்தது.

துரை உத்தியோகத்தரானமை

உத்தியோகத்தர் தோட்டக்காரராதல் 1845இல் தடுக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்தது அதன் மறுபுறம். தோட்டக்காரர் உத்தியோகத்தரின் அதிகாரங்களைப் பெற்றனர். 1854இல் கண்டியில் தோட்டக்காரர் சங்கம் நிறுவப்பட்டது. தெருக்களை அமைக்கும் குழுக்களில் தோட்டத்துரைமார் இடம்பெற்றனர். எவ்வழியே தெரு செல்லவேண்டும் என்னும் ஆலோசனையில், தெருவாற் பயனடைவோர் குரலே உயர்ந்து ஒலித்தது. துரைமாருட் பலர் சமாதான நீதவான்களாகவும், சம்பளம் பெறாத பொலிசு நீதவான்களாகவும் நியமனம் பெற்றனர். தோட்டத்திற் பிறப்பும் இறப்பும் நிகழின் அவற்றை அறிவிக்கும் பொறுப்பும் துரையிடமே இருந்தது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துறையிற் பயிரிட்ட தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. புகையிரதப் பாதை 1884இல் அற்றனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளின் மலைகள் தேயிலைப் பச்சை போர்த்தன. பயிர் மாறிற்று, அமைப்பு மாறவில்லை. வேலை கொடுப்போரும், குடியிருக்க லயம் கொடுப்போரும், அரிசி அளப்போரும், மருந்து கொடுப்போரும், நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புவதோ அனுப்பாதிருப்பதோ எனத் தீர்மானிப்போரும் ஒருவரேயாயினர்.

துரைக்குக் கீழே கங்காணி நின்றான். ஊரிலிருந்து ஆள் திரட்டியவனும் அவனே. முன்பணம் கொடுத்த கடன்காரனும் அவனே. வேலை வாங்கியவனும் அவனே. தன் ஆள்களின் வரவுக்கேற்பத் தலைக்காசு பெற்றவனும் அவனே. பல தோட்டங்களில் கடை வைத்திருந்தவனும் அவனே. தொழிலாளிக்காகத் துரையிடம் பேசவேண்டியவனும் அவனாகவே இருந்தான். தொழிலாளி தோட்டம் மாறுவதற்கு அவனுடைய கடன் தொகை குறித்த துண்டு வேண்டியிருந்தது. தொழிலாளியின் கடன் பெருகுவதில் ஊதியம் காண்பவன் அவனுக்குப் பாதுகாவலன் ஆதல் எங்ஙனம்? இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏசண்டர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். தோட்டத்தில் நலன் எதுவுமில்லாத ஒருவர் தொழிலாளியின் முறையீட்டைக் கேட்க வந்தமை அதுவே முதல் எனலாம். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறைந்த அளவு கூலிக்கு வழிவகுத்தது.

கிராமச் சங்கத்துக்குப் புறத்தே நின்ற தோட்டம்

1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வழிசெய்தது. பின்னர் 1889ஆம், 1924ஆம் ஆண்டுகளில் அவை திருத்தியமைக்கப்பட்டன. தெரு, கிணறு, சந்தை, சுகாதாரம் ஆகியவற்றை ஊரவரே நடத்தும் பயிற்சிக்கூடங்களாக அவை வளர்ந்தன. ஆயின், தேயிலை மலைகளின் நடுவே கிராமங்கள் தீவுகள்போற் கிடந்தன; தோட்டங்கள் கிராமச் சங்கத்தின் வாழ்வில் இணையவில்லை.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, தகுதிபெற்ற தோட்டத் தொழிலாளர் அரசாங்க சபைத் தேர்தலில் வாக்களித்தனர். அற்றன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் அவர்கள் தெரிவாகித் தொழில் மந்திரியாகவும் அமர்ந்தார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசையரை அனுப்பிற்று. ஆனால், அடுத்த ஆண்டிலேயே உள்ளூராட்சி மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க கொணர்ந்த கிராமச் சங்கத் திருத்தச் சட்டமூலம் பெரும் வாதத்தைக் கிளப்பிற்று. தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளர் கிராமச் சங்கத் தேர்தலில் வாக்களித்தல் ஆகாது என அது விலக்கிற்று. இந்தியர் எதிர்ப்புத் தெரிவித்தபின், எவ்வினத்தவராயினும் தோட்டத்தில் வதியும் தொழிலாளர் யாவரையும் விலக்குவதாகச் சொல் மாற்றப்பட்டது. சொல் பொதுவாயிற்று, விலக்கு நின்றது. நாட்டின் சபைக்கு ஓர் உறுப்பினரை அனுப்பத் தகுதியுடையவன், தன் லயத்தின் அருகே செல்லும் பாதை பற்றிப் பேசத் தகுதியற்றவன் ஆயினன்.

நாடு சுதந்திரம் பெற்றபின் நிலை மேலும் கடுமையாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் பிரசாவுரிமை அற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறக்குறைய 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். வதிவை நிறுவவும் பிறப்பை நிறுவவும் ஒரு கடதாசி வேண்டும். அக்கடதாசிக்குத் தோட்டப் பதிவேட்டையும் சிறிய உத்தியோகத்தரையும் நாடவேண்டும். ஒருவருடைய கையெழுத்திலே ஒரு குடும்பத்தின் நாடு எது என்பது தங்கியிருக்குமாயின், அக்கையெழுத்துக்கு எத்துணைத் தூய்மை வேண்டும்! வாக்கில்லாதவன் அத்தூய்மையைக் கேட்டுப் பெறவும் வழியின்றி நின்றான்.

சட்டம் வகுத்த காவல்கள்

இதே காலத்தில் உள்ளூராட்சித் துறையில் நல்ல காவல்கள் அமைந்தமையையும் கூறுதல் வேண்டும். இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம், சபை உறுப்பினர் தமக்குப் பொருள் நலனுள்ள விடயம் ஆலோசனைக்கு வரும்போது அதனை வெளிப்படுத்தி, அதிற் பேசாதும் வாக்களியாதும் விலகவேண்டும் என விதித்தது. சபை உத்தியோகத்தரும் சபையின் ஒப்பந்தத்தில் தமக்குள்ள நலனை அறிவித்தல் வேண்டும். இலங்கையில் 1945ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உள்ளூராட்சிச் சேவையை அமைத்தது. சபை உறுப்பினர் தத்தம் உறவினர்க்கு வேலை வழங்கும் வழக்கம் அதனால் ஓரளவு கட்டுப்பட்டது. 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் உள்ளூராட்சி மன்ற உறுப்பினரையும் உத்தியோகத்தரையும் தன் எல்லைக்குட் கொண்டது. 1975ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் சொத்துப் பொறுப்பு வெளிப்படுத்தலை விதித்தது. 1994இல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. இவையாவும் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. கைக்கூலியினின்றும் வேறாக, நலன் முரண்பாட்டையும் அச்சட்டம் குற்றமாக எடுத்துக் கூறுகின்றது. 1840இல் எவர் கண்ணுக்கும் குற்றமாகப் படாத செயல், இருநூறு ஆண்டு நிறையுமுன் சட்டப் புத்தகத்திற் பெயர்பெற்றது.

தோட்ட மக்கள் வெளியே நின்ற கதவும் சிறிது சிறிதாகத் திறந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் விடப்பட்டது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றவர் என்னும் நிலையைத் தீர்த்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தாற் பிரதேச சபைகள் தோன்றின. தோட்ட மக்களும் அவற்றுக்கு வாக்களித்தனர். எனினும், தோட்டக் குடியிருப்புக்களிற் சபையின் பணத்தைச் செலவிட அச்சட்டம் தெளிவான இடம் அளிக்கவில்லை. வாக்குப்பெட்டி லயத்துக்கு வந்தது. விளக்கும் பாதையும் வரவில்லை. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே அத்தடையை நீக்கிற்று. அவ்வாண்டிலேயே அம்பகமுவைப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட் சபைகளும், நுவரெலியாப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு அக்கரப்பத்தனை, கொட்டகலை சபைகளும் புதியனவாகத் தோன்றின.

வரலாறு உணர்த்துவது

பிரதேச சபையின் எழுதுவினைஞர், வரி மதிப்பீடு செய்வோர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோரிடம் இப்பொழுது உள்ள அதிகாரம் கோப்பிக் காலத்து ஏசண்டரின் அதிகாரம்போற் பெரிதன்று. எனினும், அதன் தன்மை ஒன்றே. கேள்விப்பத்திரத்தைத் திறப்பவர் ஒப்பந்தகாரரின் மைத்துனராயிருத்தல் கூடும். உணவுக்கடையைப் பரிசோதிப்பவர் அக்கடைக்குரிய கட்டடத்தின் சொந்தக்காரராயிருத்தல் கூடும். மலைச்சரிவில் எழும் கட்டடத்துக்கு அனுமதி எழுதுபவர் அடுத்த காணியை வாங்க விலைபேசியிருத்தல் கூடும். எந்தத் தோட்டத்துப் பாதையை முதலிற் செப்பனிடுவது எனத் தீர்மானிப்போர் தம் தொழிற்சங்கத்து ஆள்கள் வாழும் பிரிவையே நினைத்தல் கூடும். இவற்றுள் எதிலும் பணம் கை மாறவேண்டுவதில்லை. இவ்விடங்களில் ஒருவர் செய்யவேண்டியது எளிது: தம் நலனைச் சொல்லுதல், எழுத்திற் பதிவித்தல், அவ்விடத்தினின்றும் எழுந்து செல்லுதல். எளிதாயினும் அதனைச் செய்யாதார் வரலாற்றில் மிகப்பலர். அவருட் பலர் கற்றவர், உழைத்தவர், தம்மை நேர்மையாளர் என நம்பியவர்.

ஆதலின், தனிமனிதனின் நற்குணத்தை மட்டும் நம்பி ஆட்சி அமைத்தல் தகாது. உத்தரமேரூர்ச் சபையார் உறவினரைப் பெயர்பெயராக எண்ணி விலக்கியதும், 1845இல் சம்பளத்தையும் தடையையும் ஒருங்கே விதித்ததும் இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே. ஆயின், அவ்விரண்டும் முழுமை பெறாதுபோயின. உள்ளேயிருப்போர்க்குக் காவல் வைத்தார்கள். வெளியே நின்றோரைக் கணக்குக் கேட்க அழைக்கவில்லை. மலைநாட்டில் முதற் காவல் 1845இல் வந்தது. இரண்டாவது காவலாகிய மக்களின் உரிமை முழுமையடையப் பின்னும் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் சென்றன. அவ்விடைக் காலத்தின் விலையைக் கொடுத்தவர், எந்தச் சபையிலும் இடம்பெறாத கிராமத்துக் குடியானவரும் லயத்துத் தொழிலாளருமே.

இன்று அற்றனிலும் நுவரெலியாவிலும் சபைக் கூட்டத்தின் அறிக்கையைப் படிக்கவும், செலவுக் கணக்கைக் கேட்கவும், கேள்விப்பத்திரம் யாருக்குச் சென்றது என வினவவும் தோட்டத்து இளைஞர்க்கு உரிமை உண்டு. அவர்தம் பாட்டனார்க்கு அவ்வுரிமை இருந்ததில்லை. சட்டம் தந்த அவ்வுரிமையை அவர் எடுத்தாளாதுவிடின், சபையில் அமர்ந்திருப்பவர் எத்துணை நல்லவராயினும், பான்ஸ் தேசாதிபதியின் கன்னொறுவைத் தோட்டம் வேறொரு பெயரில் மீண்டும் தளிர்க்கும். கேட்பவன் ஒருவன் எழுந்து நிற்குமிடத்திலேயே பதவி பதவியாகவும், பயன் பொதுவாகவும் நிலைபெறும்.